வயிறு மறுபடி மக்கர் பண்ணினால்: பூஜ்ஜியத்துக்குப் போவதா, ஒரு படி இறங்குவதா?

"14 மாதம் உணவுக் கட்டுப்பாட்டில் ஒழுங்காக இருந்தேன். போன வாரம் ஒரு விருந்துக்குப் போனேன். இப்போது ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஓட வேண்டியிருக்கிறது. மறுபடி முதல் நாளிலிருந்தா?"

இந்தக் கேள்வி என்னிடம் பல உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. சிலர் விருந்தைக் குற்றம் சொல்கிறார்கள், சிலர் ஒரே ஒரு ஸ்பூன் சாஸை. "நான் எதையுமே மீறவில்லையே, அப்புறம் ஏன்?" என்று அழாத குறையாகக் கேட்பவர்கள்தான் அதிகம். கேள்வியின் அடியில் இருப்பது ஒன்றுதான்: இவ்வளவு நாள் பட்ட பாடு வீணா?

எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண் நோய், வந்து 9 வருஷம் ஆகிறது. மாத்திரையோடு உணவுக் கட்டுப்பாடும் உண்டு. நான் டாக்டர் இல்லை. ஆனால் கீழே வரும் ஐந்து வழிகளில் நான்கை என் வயிற்றிலேயே பார்த்துவிட்டேன். க்ரோன் நோய்க்காரர்களுக்கும் (குடலில் எங்கே வேண்டுமானாலும் அழற்சி வரும் நோய்), ஐ.பி.எஸ். (குடலில் புண் இல்லாமலே வலியும் உப்புசமும் தரும் கோளாறு) உள்ளவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

## இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியவர்கள்

மலத்தில் ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் இறங்கும் எடை. இதில் ஒன்று இருந்தாலும் எந்த டயட் என்று யோசிப்பதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் போட வேண்டும். பெருங்குடல் புண் உள்ளவருக்கு ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ நாடித்துடிப்பு 90-க்கு மேல் போனாலோ அது ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை. 1955-இல் வகுத்த அளவுகோல் அது. இன்றும் டாக்டர்கள் அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். க்ரோன் நோயில் குடல் சுருங்கியிருப்பவருக்கு வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியாமல் நின்றுபோனால் அதுவும் அவசரம்தான்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்பாக. பயப்படுவதற்கு முன் நேற்றைய தட்டை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் டாக்டரே பார்க்கட்டும்.

## எதை வைத்து எடை போடுவது?

எந்த வழி சீக்கிரம் வயிற்றை அடக்கும் என்பதை மட்டும் பார்த்தால் தப்பாகத்தான் முடிவெடுப்போம். பட்டினி கிடந்தால்கூடச் சில நாளில் வயிறு அடங்கியது போலத் தெரியும். அதனால் நான் இன்னும் நான்கு விஷயம் பார்ப்பேன். அந்த வழி சறுக்கலுக்கான காரணத்தைக் காட்டிக்கொடுக்குமா, மூடி மறைக்குமா? உடம்பில் சேர வேண்டிய சத்துக்கும் எடைக்கும் என்ன விலை கொடுக்கிறோம்? மனசுக்கும், கூடச் சாப்பிடுகிறவர்களுக்கும் என்ன விலை? கடைசியாக, அதற்குள் போன பிறகு வெளியே வர வழி இருக்கிறதா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கட்டுப்பாட்டுக்குள் போவது சுலபம், ஒரு ராத்திரி பயந்தால் போதும். வெளியே வர மாதக்கணக்கு ஆகும்.

## வழி 1: பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி தொடங்குவது

சறுக்கியதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இது. பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி ஒரு நிம்மதியும் தரும். பட்டியலில் இருப்பதையெல்லாம் அடித்துவிட்டு, ஆரம்பத்தில் சாப்பிட்ட அந்த நாலைந்து பொருளுக்குத் திரும்புவது.

சில டயட்டுகளின் அமைப்பே நம்மை இங்கே தள்ளுகிறது. எஸ்.சி.டி. என்ற உணவுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். தானியம், சர்க்கரை, மாவுச்சத்துள்ள கிழங்கு, பால் எல்லாம் விலக்கி, 24 மணி நேரம் உறையவைத்த தயிரை அனுமதிக்கும் முறை. கடைசி நோய்க்குறி நின்ற நாளிலிருந்து குறைந்தது ஒரு வருஷம் அதைத் தொடர வேண்டும் என்பது அதன் விதி. இந்த விதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 11-ஆவது மாதத்தில் ஒரு நாள் வயிறு கெட்டால் காலண்டர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்விடும். பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த கதைதான். ஆனால் குடலுக்குக் காலண்டர் தெரியாது. 11 மாதத்தில் ஆறிய குடல் ஒரு விருந்தால் 11 மாதம் பின்னால் போய்விடுவதில்லை.

குடலில் சுலபமாக நொதிக்கும் சில சர்க்கரை, மாவுச்சத்து வகைகளைக் குறைக்கும் லோ ஃபாட்மேப் முறை இதில் பரவாயில்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறையில் கட்டுப்பாடு 2 முதல் 6 வாரம் மட்டுமே. அதற்குப் பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் முக்கிய வேலை. முதல் கட்டத்திலேயே தங்கிவிட்டால் குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்கள் குறைவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனாலும் நிறையப் பேர் ஒவ்வொரு சறுக்கலுக்கும் முதல் கட்டத்துக்கே ஓடுகிறார்கள். மூன்று சறுக்கலில் நாலு மாதம் அங்கேயே கழிந்துவிடும்.

மறைந்திருக்கும் விலை இனிமேல்தான். என் மூன்றாவது வருஷத்தில் நான்கு தடவை பூஜ்ஜியத்துக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்த பட்டியல் முன்னதைவிடச் சின்னதாக இருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் சந்தேகத்தின் பேரில் ஒன்றிரண்டு பொருள் உள்ளே வராமலே போயின. வருஷக் கடைசியில் நான் சாப்பிட்டது 9 பொருள். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன், இரண்டு தடவை. ரத்தப் பரிசோதனையில் இரும்பும் வைட்டமின் டி-யும் தரைமட்டம். அப்போது நோய் அடங்கியிருந்ததா என்றால், இல்லை. களைத்துப் போனதைத்தான் அடங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாருக்கு இது சரி? முதல் தடவையே அரைகுறையாகச் செய்து, எது ஒத்துக்கொள்கிறது என்ற அடிப்படைப் பட்டியலே கையில் இல்லாதவருக்கு. அல்லது ஒன்றிரண்டு வருஷத்தில் குறிப்பே இல்லாமல் இருபது பொருள் நழுவி உள்ளே வந்துவிட்டவருக்கு. அவர்களும் ஒரு டயட்டீஷியன் துணையோடு, முடியும் தேதியை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு போக வேண்டும். ஏற்கெனவே எடை குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், சாப்பாட்டைக் கண்டாலே பயம் என்ற நிலைக்கு வந்துவிட்டவர்கள் இந்தப் பக்கம் தனியாகப் போகவே கூடாது.

## வழி 2: ஒரு படி மட்டும் இறங்குவது

நான் இப்போது செய்வது இதுதான், அதனால் பாரபட்சத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு உணவுப் பட்டியல் மூன்று அடுக்காக இருக்க வேண்டும். கீழ் அடுக்கில், மோசமான நாளிலும் தொல்லை தராதவை. நடுவில், சாதாரண நாளில் ஒத்துக்கொள்பவை. மேலே, புதிதாகச் சேர்த்தவையும் கொஞ்சமாக மட்டும் தாங்குபவையும். சறுக்கினால் மேல் அடுக்கு மொத்தமும், கடைசி இரண்டு வாரத்தில் சேர்த்த எதுவும் வெளியே. நடு அடுக்கைத் தொடுவதில்லை. அதன் வடிவத்தைத்தான் மாற்றுகிறேன்.

இந்த வடிவ மாற்றம் பலருக்குத் தெரியாத விஷயம். கேரட் தொல்லை தருகிறது என்று சொல்பவரிடம் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பச்சையாக, பெரிய துண்டாக என்பார். அதே கேரட்டைத் தோல் சீவி, கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்தால் பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடும். ஆப்பிளும் அப்படித்தான்: தோலும் விதையும் எடுத்து வேகவைத்து மசித்தது வேறு பண்டம். பருப்பை மசித்து வடிகட்டினால் தொந்தரவு குறையும், சத்தும் கொஞ்சம் மிஞ்சும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்து, எண்ணெய், காபி, மது, காரத்தைக் குறைத்தால் பல சறுக்கல்கள் நாலைந்து நாளில் அடங்கும். வயிற்றுப்போக்கு அதிகமாக இருந்தால் வெறும் தண்ணீரைவிட ஓ.ஆர்.எஸ். கரைசல் மேல், உப்பும் குளுக்கோஸும் சேர்ந்திருந்தால்தான் குடல் நீரை வேகமாக உறிஞ்சும்.

அடங்கிய பிறகு மேல் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, முதல் நாள் கொஞ்சம், மறுநாள் கூட, மூன்றாம் நாள் முழு அளவு. தொல்லை இல்லையென்றால் அடுத்தது.

இதற்கும் விலை உண்டு. பட்டியல் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டு தயாரிக்கும் பட்டியலில் எல்லாமே எதிரியாகத் தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து, இது சுலபமாக இருப்பதுதான். சறுக்கும்போதெல்லாம் ஒரு படி இறங்கி, கொஞ்சம் அடங்கியதும் ஏறி, மறுபடி இறங்கி என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே புண் வளர்வது தெரியாமல் போகும். இரண்டு மாதத்துக்குள் மூன்றாவது தடவை இறங்கினால், அது சாப்பாட்டு விவகாரம் இல்லை என்று முடிவுகட்டி டாக்டரிடம் போவது என் விதி.

## வழி 3: தட்டைத் தொடாமல் வேறு காரணம் தேடுவது

என் குறிப்பு நோட்டில் ஒரு பக்கம் உண்டு. "தக்காளி?" என்று சிவப்பு மையில் எழுதி, கீழே கோடு, அதன் கீழே இன்னொரு கோடு. ஐந்து நாள் வயிறு கெட்டதற்கு அதுதான் காரணம் என்று முடிவு செய்து, இரண்டு வருஷம் தக்காளியை ஒதுக்கிவைத்தேன். பிறகு ஒரு நாள் நோட்டைப் புரட்டும்போது அதே பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன்: "பல்வலி. ஐபுப்ரோஃபென் 3 நாள்."

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்குக் குடல் அழற்சியைக் கிளப்பிவிடும். கண் எதிரே இருந்தது. ஆனால் டயட்டில் இருப்பவனுக்கு உலகமே தட்டாகத்தான் தெரியும்.

இன்னொரு சிக்கல் நேரக் கணக்கு. சாப்பிட்டது வாயிலிருந்து வெளியேற சாதாரணமாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். சாப்பிட்டுக் கை கழுவும்போதே ஓட வேண்டியிருந்தால், வெளியே வருவது அந்தச் சாப்பாடு இல்லை. வயிறு நிரம்பியதும் பெருங்குடல் தானாகச் சுருங்கி, முன்னாலேயே இருந்ததைத் தள்ளுகிறது. கடைசியாகச் சாப்பிட்ட பாவத்துக்கு ஒரு பொருள் தண்டனை அனுபவிக்கும்.

சரியான பொருளைப் பிடித்துவிட்டதாக நினைத்தாலும் ஆள் மாறியிருக்கலாம். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை, அதில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம்தான் காரணம் என்று நம்பி அதை விலக்கி வாழ்ந்த, சீலியாக் நோய் (க்ளூட்டனால் குடல் கெடும் நோய்) இல்லாத 59 பேரை வைத்து நார்வேயில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. எது எந்த வாரம் என்று சொல்லாமல் க்ளூட்டன், ஃப்ரக்டான் (குடலில் நொதிக்கும் ஒரு மாவுச்சத்து வகை), இரண்டும் இல்லாதது என மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தொல்லை அதிகமானது ஃப்ரக்டான் வாரத்தில். ஃப்ரக்டான் கோதுமையில் மட்டுமா இருக்கிறது? வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. இத்தனை நாள் கோதுமையை மட்டும் விலக்கிவிட்டு வெங்காயத்தைச் சாப்பிட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆக, தட்டில் கைவைக்கும் முன் நான் கேட்டுக்கொள்பவை: "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று குடல் அழற்சியை அடக்கும் மெசலமைன் மாதிரி தினசரி மருந்தைச் சில நாள் விட்டேனா? வலி மாத்திரை? ஆன்டிபயாடிக்? அதன் பிறகு வரும் வயிற்றுப்போக்கில் டிஃபிசில் என்ற கிருமியைத் தேட வேண்டியிருக்கும், மலப் பரிசோதனை இல்லாமல் தெரியாது. மக்னீசியம் கலந்த அமில நீக்கி, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கும் சார்பிட்டால்? வீட்டில் வேறு யாருக்காவது வயிறு சரியில்லையா? தூக்கம்? மாதவிடாய் நாட்களா? சிகரெட்டும் இந்தக் கணக்கில் வரும், வினோதமாக: க்ரோன் நோயை அது மோசமாக்கும், பெருங்குடல் புண்ணிலோ அதை நிறுத்திய பிறகு நோய் கிளம்புவதுண்டு. அதற்காக யாரும் மறுபடி பற்றவைக்க வேண்டாம்.

இந்த வழியின் முதுகெலும்பு மலத்தில் பார்க்கும் கால்ப்ரோடெக்டின் பரிசோதனை, குடலில் அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதத்தை அளப்பது. பெரியவர்களுக்கு ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. 250-க்கு மேல் என்றால் உள்ளே எரிந்துகொண்டிருக்கலாம். தொற்றும் வலி மாத்திரையும்கூட எண்ணை ஏற்றிவிடும், அதனால் டாக்டர்தான் படித்துச் சொல்ல வேண்டும். அழற்சி அடங்கிய பிறகும் மூன்றில் ஒருவர் அளவுக்கு ஐ.பி.எஸ். மாதிரித் தொல்லைகள் தொடர்வதுண்டு. அவர்களுக்கு வலியும் உப்புசமும் நிஜம், புண் இல்லை. ஒரே மாதிரி தெரியும் இரண்டு சறுக்கலுக்கும் மருந்தே வேறு.

விலை? பரிசோதனைக்குப் பணம், முடிவு வரும்வரை பொறுமை. அந்தச் சில நாள் சும்மா இருப்பது கஷ்டம். கை தானாகப் பட்டியலை அடிக்கப் போகும்.

## வழி 4: டயட்டையே மாற்றுவது

"இது வேலைக்காகவில்லை, அடுத்ததைப் பார்ப்போம்." சறுக்கிய வாரத்தில் கேட்க ரொம்ப நியாயமாக இருக்கும். இதற்கு ஓர் ஆய்வைச் சொல்லிவிட்டால் போதும். லேசானது முதல் நடுத்தரம் வரை க்ரோன் நோய்த் தொல்லை உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எஸ்.சி.டி., மறு பாதிக்கு மத்தியதரைக்கடல் உணவுமுறை (காய்கறி, பழம், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்தது) என்று அமெரிக்காவில் பார்த்தார்கள். முடிவு 2021-இல் வந்தது. 6 வாரத்தில் நோய்க்குறி அடங்கியவர்கள் முதல் பாதியில் 46.5 சதவீதம், இரண்டாவதில் 43.5. வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சீரானவர்கள் இரண்டு பக்கமும் சொற்பம்.

அப்படியானால் கடுமையானதுதான் சிறந்தது என்ற எண்ணத்துக்கு அங்கே ஆதாரம் இல்லை. நல்ல சேதி: எஸ்.சி.டி.யில் மூச்சு முட்டுகிறவர்கள், டாக்டரிடம் பேசிவிட்டுத் தளர்வான முறைக்கு வரலாம், பெரிதாக எதையும் இழக்காமல். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த 6 வாரமும் பங்கேற்றவர்களுக்குச் சமைத்த சாப்பாடே கொடுத்துவிட்டார்கள். நமக்கு யார் கொடுப்பது? புது டயட் என்றால் புது சமையல், புது லேபிள் படிப்பு, வீட்டில் புது சண்டை.

மாறுவதாக இருந்தால் நிதானமான மாதத்தில் மாறுங்கள். சறுக்கலின் நடுவில் மாறினால், தானாக அடங்கியிருக்க வேண்டியதற்கும் புது டயட்டுக்கே பேர் போகும்.

## வழி 5: திரவ உணவு மட்டும்

இதை நான் செய்ததில்லை, என் நோய்க்கு இது உதவாது. க்ரோன் நோய் உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் தயாரிக்கப்பட்ட ஊட்டத் திரவம் மட்டும் கொடுப்பது அங்கீகரிக்கப்பட்ட முதல் சிகிச்சை, ஸ்டீராய்டுக்கு மாற்று. பெரியவர்களிலும் சிலருக்குக் கொடுப்பதுண்டு. ஆனால் அது டாக்டர் எழுதிக்கொடுத்துக் கண்காணிக்கும் சிகிச்சை. ஒரு வாரம் ஜூஸ் குடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரொம்ப மெலிந்தவருக்கு ஊட்டத்தை வேகமாக ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆறுதல் | காரணம் தெரியுமா | சத்துக்கு விலை | வெளியே வருவது | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| பூஜ்ஜியம் | சில நாள் முதல் வாரங்கள் | தெரியாது, எல்லாம் ஒரே நேரத்தில் போகிறது | அதிகம் | மாதங்கள் | அடிப்படைப் பட்டியலே இல்லாதவர் |
| ஒரு படி இறங்குவது | 4–5 நாள் | ஓரளவு | குறைவு | ஒன்றிரண்டு வாரம் | பட்டியல் தயாராக உள்ளவர், லேசான சறுக்கல் |
| வேறு காரணம் தேடுவது | காரணத்தைப் பொறுத்து | ஆம் | இல்லை | தேவையே இல்லை | எதையும் மீறாமல் சறுக்கியவர், திரும்பத் திரும்பச் சறுக்குகிறவர் |
| டயட் மாற்றம் | வாரங்கள் | குழம்பும் | டயட்டைப் பொறுத்து | கஷ்டம் | இப்போதைய முறையோடு வாழவே முடியாதவர் |
| திரவ உணவு | வாரங்கள் | தேவைப்படாது | கண்காணிப்பில் குறைவு | படிப்படியாக | க்ரோன், டாக்டர் சொன்னால் மட்டும் |

எதைத் தேர்ந்தாலும் மருந்தை நிறுத்துவது இந்தப் பட்டியலில் இல்லை. டயட் நன்றாக வேலை செய்யும்போதுதான் அந்த ஆசை வரும். நானும் ஒரு தடவை நிறுத்தி, ஸ்டீராய்டில் போய் முடிந்தேன்.

14 மாதக்காரருக்கு நான் எழுதியது இது. விருந்துக்கு முந்தின வாரம் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். விருந்துக்கு வந்த வேறு யாருக்காவது வயிறு கெட்டதா என்று விசாரியுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரு படி இறங்கி 5 நாள். ஆறாவது நாளும் அப்படியே இருந்தால் கால்ப்ரோடெக்டின். நடுவில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே டாக்டர். மூன்றாம் நாள் பதில் வந்தது: விருந்து வைத்தவர் வீட்டில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்காம்.

என் நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மேலே மூன்று வரி: மருந்து விட்டேனா, வலி மாத்திரையா, வீட்டில் வேறு யாருக்காவது? அதன் கீழே மூன்று அடுக்குப் பட்டியல். நடு அடுக்கில் நாலாவதாகத் தக்காளி, தோல் உரித்து வேகவைத்தது.